பக்கத்து வீட்டில் கேள்

ராயக்கோட்டை டெம்போவில்
காலித் தக்காளிக் கிரேடுகளுக்கு நடுவே
தெர்மாகோல் தூள் ஒட்டிக்கொண்டு வந்து இறங்கின
இருபத்திரண்டு டேப்லெட்.
ஏழாம் வகுப்பில் எனக்கும் இருபத்திரண்டு பேர்.
பதிவேட்டில்.
அன்றைக்கு வந்திருந்தவர்கள் பதினேழு.

கெலமங்கலத்துப் பயிற்சியில் சொன்னார்கள்:
எல்லாருக்கும் ஒரே கணக்கு என்பது இனி இல்லை,
அவரவர் படியில் அவரவர் நிற்கலாம்,
அங்கிருந்து அது ஏற்றிவிடும்.
நியாயம்தான்.
பதினோரு வருஷமாக நான் நடத்தியதெல்லாம்
நடுவரிசை ஐந்து பேருக்கான பாடம்.
ஜன்னலோரத்துக்கு அது எப்போதோ தெரியும்.

நந்தீஸ்வரியைப் பின்னத்துக்கு அனுப்பியது,
பத்தே நாளில் தசமத்துக்கு,
பிறகு வட்டத்தின் சுற்றளவுக்கு.
என் திரையில் பதினோராம் எண்ணுக்குப் பச்சைப் புள்ளி.

ஆடியில் போன முனிலட்சுமி
கார்த்திகையில் வந்தாள்.
சர்ஜாபூரில் பதினான்கு மாடி எழும்பிக்கொண்டிருக்க
கீழே மணல்மேட்டில்
தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.
பெயரைத் தொட்டதும் திரை சொன்னது:
வருக! நீ விட்ட இடம், ஆகஸ்ட் ஒன்பது.
இத்தனை நாள் எங்கே போனாய் என்று
அது கேட்கவில்லை.
அதற்காகவே எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று.
மூன்று கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு
மூன்றாம் வகுப்புக் கழித்தலில் கொண்டுபோய் உட்காரவைத்தது.
பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.
அதுவும் பிடித்தது.

அந்த வாரத்திலிருந்துதான்
பச்சைப் புள்ளி மஞ்சளானது.
அப்புறம் சிவப்பு.
ஏழு, ஆறு, நாலு என்று
பதினோராம் எண் இறங்கிக்கொண்டே வந்தது.
காய்ச்சலா, வீட்டில் ஏதாவதா,
கண்ணாடி போட வேண்டுமா?
பின்னால் போய் நின்றேன்.

அறுபத்திரண்டில் இருபத்தேழு போனால்?
நந்தீஸ்வரி
முப்பத்தைந்தின் மேல் விரலை வைத்து, எடுத்து,
நாற்பத்தைந்தைத் தொட்டாள்.
சும்மா ஒரு தப்பு இல்லை அது.
தெரியாத பிள்ளை எந்தத் தப்பைச் செய்யும் என்று
தெரிந்து செய்த தப்பு.
சந்தேகம் வராதிருக்க
நாலில் ஒன்றைச் சரியாகவும் போட்டு வைத்தாள்.

ஏன்டி?

சிமெண்டுத் தரையைப் பார்த்துச் சொன்னாள்:
"மேல போனா அங்க நான் மட்டும்தான் இருக்கேன் டீச்சர்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல எதுவும் பயிற்சியில் தரவில்லை.

காதுக்குள் பட்டணத்துக் குரலொன்று
இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது:
பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்கு.
அந்தச் சொல்லில்தான் தினமும்
முனிலட்சுமியின் விரல் நின்றுபோகிறது.
வாங்கினால் ஊரை விட்டுப் போக வேண்டும்
என்பது வரைக்கும் அவளுக்குக் கணக்குத் தெரியும்.
மீண்டும் முயற்சி செய், என்றது குரல்.
மீண்டும் முயற்சி செய்.

நந்தீஸ்வரி எட்டி
அவள் ஒரு காதிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.
"பக்கிண்ட்ல அடுகுடி. இஸ்தாரு."
பக்கத்து வீட்டில் கேளுடி, தருவார்கள்.

கேட்டாள்.
ஒரு பத்தைக் கொடுத்தார்கள்.
அறுபது ஐம்பதாயிற்று, இரண்டு பன்னிரண்டாயிற்று.
வட்டிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.
முப்பத்தைந்து!
திரையில் காகிதப்பூ கொட்டியது,
இரண்டு திரையிலும்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான்
இங்கே சிக்னல்.
மாசக் கடைசியில் அங்கே நின்றிருந்தபோது
கிருஷ்ணகிரியிலிருந்து போன்:
பதினொன்றும் பத்தொன்பதும்
ஒரே நாளில் ஒரே படி ஏறுகிறதே மேடம்,
மெஷின் கோளாறா?
பார்க்கிறேன் சார், என்றேன்.
இன்றுவரை பார்க்கவில்லை.

இருபத்திரண்டாம் எண் நாகேஷுடையது.
செங்கல் சூளை என்கிறார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை.
வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சார்ஜ் போடுகிறேன்.
தொட்டால் விழித்துக்கொண்டு
என்னையே அவன் என்று நினைத்துச் சொல்கிறது:
வருக!
நீ விட்ட இடம், ஜூலை மூன்று.